விளக்கா, குடமா? மக்களிடம் கேட்கும் உரிமை யாருக்கு?

1982 டிசம்பர் 22. இலங்கையின் வாக்குச்சாவடிகளில் அன்று கொடுத்த சீட்டில் வேட்பாளர் பெயர் ஒன்றும் இல்லை. இரண்டே சின்னங்கள்: விளக்கு, குடம். 1977-இல் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம் பொதுத்தேர்தல் இல்லாமலே இன்னும் ஆறு ஆண்டு நீடிக்கட்டும் என்பவர்கள் விளக்குக்குப் புள்ளடி இட வேண்டும். கூடாது, முறைப்படி தேர்தல் நடக்கட்டும் என்பவர்கள் குடத்துக்கு. அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்துக்கு ஒப்புதல் கேட்டு நடந்த அந்தச் சர்வசன வாக்கெடுப்புதான் அந்நாட்டில் முதலாவது. அதற்குப் பிறகு இன்னொன்று நடக்கவில்லை.

விளக்குக்கு 31,41,223 வாக்கு விழுந்தது, குடத்துக்கு 26,05,983. விளக்கு வென்றது. தேர்தல் நடக்கவில்லை.

முக்கியமான அரசியல் பிரச்சினைகளை மக்களே நேரடியாக வாக்களித்துத் தீர்மானிக்கலாமா என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த வாக்கெடுப்புதான். 'மக்களிடம் கேட்டோம், அவர்களே சொல்லிவிட்டார்கள்' என்ற வாதத்தின் வலிமையும் ஆபத்தும் ஒரே சீட்டில் அன்று அச்சாகியிருந்தன.

கேட்டவர் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனா. இரண்டு மாதம் முன்பு, அக்டோபர் 20-இல், ஏறத்தாழ 53 சதவீத வாக்கோடு ஜனாதிபதித் தேர்தலில் வென்றிருந்தார். வென்ற கையோடு பொதுத்தேர்தலைச் சந்திக்க அவர் ஏன் தயங்க வேண்டும்? 1977-இல் பழைய தொகுதி முறைப்படி அவருடைய ஐக்கிய தேசியக் கட்சி 51 சதவீதம் அளவு வாக்கை வைத்துக்கொண்டு 168 இடங்களில் 140-ஐப் பிடித்திருந்தது. 1978-இல் அவரே கொண்டுவந்த அரசியலமைப்போ விகிதாசார முறையைப் புகுத்திவிட்டது. அடுத்த தேர்தல் அந்த முறையில் நடந்தால் 53 சதவீத வாக்குக்கு ஏறக்குறைய அந்த அளவு இடம்தான். நினைத்தபோதெல்லாம் அரசியலமைப்பைத் திருத்த உதவிய மூன்றில் இரண்டு பங்கு கைவிட்டுப் போகும். போகாமல் இருக்க ஒரே வழி, 1977-இன் நாடாளுமன்றத்தையே வைத்துக்கொள்வது.

இதில் சட்டமீறல் என்று சுட்டிக்காட்ட எளிதில் ஒன்றும் அகப்படாது. நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுக்கு மேல் நீட்ட வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் ஆதரவு மட்டும் போதாது, மக்களிடமும் கேட்டாக வேண்டும் என்று அரசியலமைப்பின் 83-ஆம் உறுப்பு சொல்கிறது. ஆள்பவரைக் கட்டுப்படுத்த வைத்த விதி அது. அந்த விதிப்படியேதான் அவர் நடந்தார். ஆனால் கேட்ட சூழலைப் பாருங்கள். நாட்டில் அவசரநிலை அமலில் இருந்தது. கம்யூனிஸ்ட் கட்சியின் 'அத்த' நாளேட்டின் அச்சகத்துக்குச் சீல் வைத்திருந்தார்கள். நக்சலைட் சதி என்று சொல்லி நடிகரும் எதிர்க்கட்சி அரசியல்வாதியுமான விஜய குமாரதுங்கவைக் காவலில் வைத்தார்கள். எதிரணியின் பெரும் தலைவர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகளை 1980-இலேயே ஏழாண்டுகளுக்குப் பறித்தாகிவிட்டது. ஆளுங்கட்சி உறுப்பினர்களிடமிருந்து தேதி போடாத ராஜினாமாக் கடிதங்களை ஜனாதிபதி முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார். வாக்குச்சாவடிகளில் எதிரணி முகவர்கள் விரட்டப்பட்டதையும் மற்ற முறைகேடுகளையும் தேர்தல் ஆணையாளரே பின்னாளில் அறிக்கையாக எழுதினார்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் 91 சதவீதத்துக்கு மேல் குடத்துக்கு விழுந்தது. அந்த எண்ணைக் கடந்து போக எனக்கு மனம் வருவதில்லை. பத்தில் ஒன்பது பேர் 'எங்களுக்குத் தேர்தல் வேண்டும்' என்று வாக்குச்சீட்டில் எழுதித் தந்த மாவட்டம் அது. நாடு முழுவதையும் ஒரே தொகுதியாக எண்ணும் கணக்கில் அந்தக் குரல் கரைந்துபோனது. ஏழே மாதத்தில், 1983 ஜூலையில், தமிழர்கள் மீது கொலைவெறி அவிழ்த்துவிடப்பட்டது. ஆகஸ்டில் அதே நீட்டிக்கப்பட்ட நாடாளுமன்றம் ஆறாம் திருத்தத்தை நிறைவேற்றிப் பிரிவினைக்கு எதிரான உறுதிமொழியைக் கட்டாயமாக்கியது. அதை ஏற்காத தமிழர் விடுதலைக் கூட்டணியினர், எதிர்க்கட்சித் தலைவர் அமிர்தலிங்கம் உட்பட, தங்கள் இடங்களை இழந்தார்கள். அடுத்த பொதுத்தேர்தல் 1989 பிப்ரவரியில்தான் வந்தது. பேச வேண்டிய ஆண்டுகளில் பேசுவதற்கான அவை தமிழர்களுக்கு இல்லாமல் போனது. அங்கே மூண்ட உள்நாட்டுப் போருக்குக் காரணங்கள் பல. அவற்றுள் இந்த வாக்கெடுப்புக்கு உரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

இதைப் படித்ததும் 'அப்படியானால் மக்களிடம் கேட்கவே வேண்டாம், எல்லாவற்றையும் பிரதிநிதிகளே பார்த்துக்கொள்ளட்டும்' என்று சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். இந்தியாவின் மேற்குக் கரையில் ஒரு சிறு நிலம் இதற்கு நேர்மாறான பாடத்தை வைத்திருக்கிறது.

கோவாவின் ஜனவரியும் மார்ச்சும்

1961 டிசம்பரில் போர்ச்சுகீசியரிடமிருந்து விடுபட்ட கோவாவில் 1963-இல் முதல் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. மகாராஷ்டிரவாதி கோமாந்தகக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. கோவாவை மகாராஷ்டிரத்தோடு இணைப்பதே அதன் முழக்கம். முதலமைச்சர் தயானந்த் பந்தோட்கர் 'இணைப்புக்காகத்தான் மக்கள் எங்களுக்கு வாக்களித்தார்கள்' என்றார். தேர்தலில் வென்ற எந்தக் கட்சியும் சொல்வதுதான். தேர்தல் அறிக்கையின் எந்த மூலையில் எது கிடந்தாலும் அதற்கெல்லாம் மக்கள் கையெழுத்துப் போட்டுவிட்டதாகத்தான் நம் நாட்டில் எல்லா ஆட்சிகளும் பேசுகின்றன.

ஜாக் டி செக்கேராவின் யுனைடெட் கோவன்ஸ் கட்சி இதை ஏற்கவில்லை. ஒரு நிலத்தின் தனித்த இருப்பையே அழிக்கும் முடிவைச் சட்டமன்றப் பெரும்பான்மை எடுக்க முடியாது, தனியாகக் கேளுங்கள் என்றது. நீண்ட இழுபறிக்குப் பிறகு 1966-இல் நாடாளுமன்றம் அதற்கெனவே ஒரு சட்டம் இயற்றியது. அடுத்து நடந்தது அரிதான காரியம். ஆட்சியில் இருந்துகொண்டே வாக்கெடுப்பு நடத்தினால் நியாயமாக இருக்காது என்ற கோரிக்கை எழ, பந்தோட்கர் அரசு பதவி விலகியது; குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. கேள்வியால் ஆதாயம் அடையக்கூடியவர் கையிலிருந்து நிர்வாகம் நகர்ந்தது. அந்தச் சில வாரங்களில் ஊர் ஊராகக் கொங்கணிப் பாட்டுக் கூட்டங்கள் நடந்தன. சந்திரகாந்த் கேணி ஆசிரியராக இருந்த 'ராஷ்ட்ரமத்' நாளேடு மராத்தி மொழியிலேயே இணைப்பை எதிர்த்து எழுதியது. மராத்தி படிப்பவர்களெல்லாம் மகாராஷ்டிரத்தில் சேரத் துடிப்பவர்கள் என்ற கணிப்பு அங்கேயே ஆட்டம் கண்டது.

1967 ஜனவரி 16-இல் வாக்களித்தார்கள். இணைப்புக்குப் பூ, தனி யூனியன் பிரதேசத்துக்கு இரட்டை இலை. இரட்டை இலைக்கு 1,72,191, பூவுக்கு 1,38,170. கோவா கோவாவாகவே நின்றது. இரண்டே மாதம் கழித்து மார்ச்சில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. அதில் வென்றவர் யார் தெரியுமா? அதே பந்தோட்கர், அதே கட்சி.

இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் படிக்கும்போதெல்லாம் கோவா வாக்காளர் மீது எனக்குப் பெரிய மரியாதை வருகிறது. நிலத்தையும் உழைக்கும் மக்களையும் பற்றிப் பேசிய பந்தோட்கர் அவர்களுக்கு முதல்வராக வேண்டும். அவருடைய இணைப்புத் திட்டம் வேண்டாம். ஒரு கட்சிக்குப் போடும் வாக்கும் ஒரு பிரச்சினைக்குப் போடும் வாக்கும் வேறு வேறு என்று அவர்கள் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். 1963-இன் முடிவை வைத்துச் சட்டமன்றமே முடிவெடுத்திருந்தால் கோவா இன்று மகாராஷ்டிரத்தின் ஒரு மாவட்டம். 1987-இல் பிறந்த கோவா மாநிலம் பிறந்தே இருக்காது. பிரதிநிதிகள் மக்களின் மனத்தைத் தவறாகச் சொல்லக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்தியாவில் இல்லை.

நம் புதுச்சேரிக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. பிரெஞ்சுப் பகுதிகளின் எதிர்காலத்தை அங்குள்ள மக்களே தீர்மானிப்பார்கள் என்று 1948-இல் இந்தியாவும் பிரான்ஸும் ஒப்புக்கொண்டன. சந்திரநாகூரில் 1949-இல் அப்படியே மக்கள் வாக்களித்து இந்தியாவில் சேர்ந்தார்கள். புதுச்சேரியிலோ 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இணைப்புக்கு, எட்டுப் பேர் எதிராக. வந்த முடிவு சரியானதே. மக்களிடம் கேட்டிருந்தாலும் அதுவேதான் வந்திருக்கும் என்று நம்புகிறேன். ஆனாலும் கீழூர் நினைவிடத்தைப் பற்றிப் பேசும்போது, அன்று வாக்களித்தவர்கள் மக்கள் அல்ல, பிரதிநிதிகள் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்போது மன்னராட்சியில் இருந்த சிக்கிமில் மக்களிடம் கேட்டார்கள், கேட்ட விதம்தான் உறுத்துகிறது. 1975 ஏப்ரல் 9-இல் அரண்மனைக் காவலரின் ஆயுதங்களை இந்திய ராணுவம் களைந்தது. மறுநாள் சட்டமன்றத் தீர்மானம். 14-ஆம் தேதி வாக்கெடுப்பு. மலையும் பள்ளத்தாக்குமான நாட்டில் பேசிப் பார்க்க நான்கே நாள். மன்னராட்சியை ஒழிப்பது, இந்தியாவோடு சேர்வது என்ற இரண்டையும் ஒரே கேள்வியாகக் கட்டிவிட்டார்கள். மன்னர் வேண்டாம், நாடு தனியாக இருக்கட்டும் என்று நினைத்த ஒருவர் எந்தப் பெட்டியில் போடுவார்? ஆதரவாக 59,637, எதிராக 1,496 என்று முடிவு வந்தது.

ஆகவே வாக்கெடுப்பு வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, கேள்வியையும் தேதியையும் தேர்ந்தெடுப்பவர் யார், முடிவால் ஆதாயம் அடைபவரும் அவரேயா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்கிறேன். சிலி நாட்டில் ஒரே சர்வாதிகாரி இரண்டு முறை மக்களிடம் கேட்டார். 1980-இல் பினோசே தன் அரசியலமைப்புக்கு ஒப்புதல் கேட்டபோது வாக்காளர் பட்டியலே கிடையாது; வென்றார். அதே அரசியலமைப்பின்படி 1988 அக்டோபர் 5-இல், தான் மேலும் எட்டு ஆண்டு நீடிக்கலாமா என்று கேட்டார். இந்த முறை பட்டியல் இருந்தது. தொலைக்காட்சியில் தினமும் இரவு ஒவ்வொரு தரப்புக்கும் 15 நிமிடம் கிடைத்தது. எதிரணி நாடெங்கும் ஆள் வைத்துத் தனியாக வாக்குகளை எண்ணியது. 'வேண்டாம்' என்பதற்கு ஏறத்தாழ 56 சதவீதம். கேட்டவர் அவரே என்றாலும் பட்டியலும் பிரச்சாரமும் எண்ணிக்கையும் அவர் கைக்குள் முழுதாக அடங்கவில்லை. அந்த வேறுபாடுதான் ஒரு சர்வாதிகாரத்துக்கு முடிவு கட்டியது.

'வெளியேறு' என்றால் எங்கே போவது?

பிரிட்டனில் கள்ள வாக்கும் இல்லை, அச்சகத்துக்குச் சீலும் இல்லை. ஆனாலும் 2016 ஜூன் 23 அந்த நாட்டை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, வெளியேறுவதா என்ற கேள்விக்கு 51.9 சதவீதம் பேர் வெளியேறு என்றார்கள். தன் கட்சிக்குள் மூண்ட சண்டையைத் தணிக்க 2013-இல் பிரதமர் டேவிட் கேமரூன் கொடுத்த வாக்குறுதி அது. உட்கட்சிச் சண்டைக்கு நாட்டின் தலைவிதியைப் பணயம் வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதைவிடப் பெரிய பிழை, வெளியேறிய பிறகு என்ன என்பதற்குச் சீட்டில் ஒரு வரிகூட இல்லாதது. ஒற்றைச் சந்தையிலிருந்தும் விலகுவதா? சுங்க ஒன்றியம்? வட அயர்லாந்துக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் நடுவே மறுபடி எல்லைச் சாவடி வருமா? ஒவ்வொரு வாக்காளரும் தன் மனத்தில் ஒரு வெளியேற்றத்தை வரைந்துகொண்டு வாக்களித்தார். வாரம் 35 கோடி பவுண்டு ஐரோப்பாவுக்குப் போகிறது என்று பேருந்தில் எழுதி ஊர் சுற்றியவர்கள் அந்தக் கணக்கின் பிழையை நாட்டின் புள்ளிவிவர ஆணையம் சுட்டிக்காட்டியும் நிறுத்தவில்லை. வாக்கெடுப்புக்குப் பிறகுதான் நாடாளுமன்றம் அந்தக் கேள்விகளை எடுத்து அடித்துக்கொண்டது. கேமரூன் போனார், தெரசா மே வந்து போனார், 2020 ஜனவரி 31-இல் போரிஸ் ஜான்சன் காலத்தில்தான் வெளியேற முடிந்தது. ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் நீடிக்கவே விரும்பினார்கள். அவர்கள் நிலை யாழ்ப்பாணத்தாருக்குப் புரியும்.

பக்கத்துத் தீவான அயர்லாந்து இதே வேலையை எவ்வளவு பொறுப்பாகச் செய்தது! கருக்கலைப்பை ஏறக்குறைய முற்றாகத் தடுத்த எட்டாம் திருத்தம் 1983-இல் மக்கள் வாக்கால் அரசியலமைப்பில் ஏறியது. கர்நாடகத்திலிருந்து போய் அங்கு பல் மருத்துவராக இருந்த சவிதா ஹலப்பனாவர் 2012-இல் கால்வே மருத்துவமனையில், கரு பிழைக்காது என்று தெரிந்தும் கலைப்பு மறுக்கப்பட்டு இறந்தபோது, அந்தத் திருத்தத்தை நீக்கும் குரல் வலுத்தது. அரசு உடனே வாக்கெடுப்புக்கு ஓடவில்லை. குலுக்கல் முறையில் 99 பொதுமக்களைத் தேர்ந்தெடுத்து மக்கள் பேரவை ஒன்றை அமைத்தது. நீதிபதி மேரி லாஃபாய் தலைமையில் அவர்கள் பல வார இறுதிகளில் கூடி மருத்துவர், வழக்கறிஞர், இரு தரப்பு இயக்கத்தார் எல்லோரையும் கேட்டார்கள். பிறகு நாடாளுமன்றக் குழு. திருத்தம் நீங்கினால் எந்தச் சட்டம் வரும் என்ற வரைவை வாக்கெடுப்புக்கு முன்பே வெளியிட்டார்கள். 2018 மே 25-இல் 66.4 சதவீதம் பேர் நீக்கச் சொன்னார்கள். எதிர்த்தவர்களுக்கும் தாங்கள் எதில் தோற்றோம் என்பது தெரிந்திருந்தது.

'மக்களுக்கு இவ்வளவு நுணுக்கம் புரியுமா?' என்று நம்மூரில் படித்தவர்கள் கேட்பது உண்டு. அந்த 99 பேரும் வழியில் போகிறவர்கள்தாம். நேரமும் தகவலும் கொடுத்தால் புரியும். கொடுக்காமல் வைத்துக்கொண்டு புரியாது என்று சொல்வது நியாயமில்லை.

ஆனால் வாக்கெடுப்புக்கு எட்டாத எல்லை ஒன்று உண்டு, அதைச் சொல்ல நேரடி ஜனநாயகத்தின் தாய்வீடான சுவிட்சர்லாந்துக்கே போக வேண்டும். நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டத்தை எதிர்த்து 100 நாளில் 50,000 கையொப்பம் சேர்த்தால் அங்கே நாடே அதன்மீது வாக்களிக்கும். 18 மாதத்தில் ஒரு லட்சம் கையொப்பம் சேர்த்தால் அரசியலமைப்பையே திருத்தக் கோரலாம். கேள்வி கேட்கும் உரிமை பிரதமர் கையில் இல்லை, தெருவில் இருக்கிறது. வாக்களிக்கும் முன் இரு தரப்பு வாதமும் அச்சிட்ட கையேடு வீடு தேடி வரும். இலங்கையும் பிரிட்டனும் தவறவிட்டது, கேட்கும் உரிமையை மக்களிடமே விடுவதைத்தான். அத்தனை சிறப்புடைய அந்த முறைதான் பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்கலாமா என்று 1959-இல் ஆண்களிடம் கேட்டு, மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் முடியாது என்று சொல்ல, 1971 வரை பெண்களைக் காக்க வைத்தது. அப்பன்செல் இன்னர்ரோடன் மாநிலத்தில் ஆண்கள் 1990-இலும் மறுத்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் தலையிட்டுத்தான் உரிமையை வாங்கிக் கொடுத்தது. 2009-இல், நாடு முழுவதும் நான்கே மினாராக்கள் இருந்த நிலையில், புதிதாக மினாரா கட்டத் தடை கேட்டார்கள். 57 சதவீதத்துக்கு மேல் ஆதரித்தார்கள்.

ஒருவருடைய வழிபாட்டையும் வாக்கையும் உடலையும் பக்கத்து வீட்டார் ஓட்டுப் போட்டுத் தீர்மானிப்பதை நான் ஏற்க மாட்டேன், பக்கத்து வீட்டார் 90 சதவீதமாக இருந்தாலும். அயர்லாந்து வாக்கெடுப்பைப் பாராட்டும் நானே இதையும் சொல்கிறேன்: 1983-இல் அந்த உரிமையை எண்ணிக்கைக்கு விட்டதால்தான் 2018-இல் அதை எண்ணிக்கையால் மீட்க வேண்டி வந்தது.

நமக்கு எது?

இந்திய அரசியலமைப்பில் வாக்கெடுப்புக்கு இடமில்லை. இடம் தர ஒரு முறை முயன்றார்கள். நெருக்கடிநிலையின்போது மக்களவை தன் ஆயுளைத் தானே இருமுறை நீட்டிக்கொண்டது, யாரிடமும் கேட்கவில்லை. அந்தக் காயம் ஆறுமுன், 1978-இல் ஜனதா அரசின் சட்ட அமைச்சர் சாந்தி பூஷண் கொண்டுவந்த திருத்த மசோதாவில் ஒரு பிரிவு இருந்தது. நாட்டின் மதச்சார்பற்ற, ஜனநாயகத் தன்மை, அடிப்படை உரிமைகள், நேர்மையான தேர்தல், நீதித்துறைச் சுதந்திரம் ஆகியவற்றில் கைவைக்கும் எந்தத் திருத்தத்துக்கும் நாடாளுமன்றம் போக மக்களின் ஒப்புதலும் வேண்டும். வாக்காளரில் குறைந்தது 51 சதவீதம் பேர் பங்கேற்றிருக்க வேண்டும். மக்களவை ஏற்றது. காங்கிரஸ் பெரும்பான்மையாக இருந்த மாநிலங்களவை அந்தப் பிரிவை வெட்டியது.

அந்தப் பிரிவு திரும்ப வர வேண்டும் என்பது என் கருத்து. வாக்கெடுப்பை அங்கே இரண்டாவது பூட்டாகப் போட்டார்கள்: நாடாளுமன்றம் திறந்தாலும் மக்கள் திறக்காவிட்டால் கதவு திறக்காது. உரிமையைப் பறிக்க மக்கள் வாக்கு மட்டும் போதாது, நீதிமன்றமும் காவலுக்கு உண்டு. இலங்கையிலும் இப்படி ஒரு பூட்டு இருந்ததே, உடையவில்லையா என்று கேட்பீர்கள். உடைந்தது. இரண்டு சாவியும் ஒருவரிடமே இருந்ததால் உடைந்தது. கோவாவில் செய்தது போல, கேட்கும் காலத்தில் நிர்வாகம் வேறு கைக்குப் போக வேண்டும். அவசரநிலை அமலில் இருக்கும்போது வாக்கெடுப்பே கூடாது. இதையும் எழுத்தில் வைத்தால்தான் பூட்டு பூட்டாக இருக்கும்.

மேலேயிருந்து இது வரக் காலம் ஆகும். கீழிருந்து தொடங்கலாம், தொடங்கியும் ஆயிற்று. ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் வெட்டும் வேதாந்தா நிறுவனத் திட்டத்தைப் பற்றி அங்குள்ள கிராம சபைகளே முடிவெடுக்கட்டும் என்று 2013 ஏப்ரல் 18-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி ஒருவர் பார்வையாளராக உட்கார்ந்திருக்க, டோங்ரியா கோந்த் மக்கள் ஊர் ஊராகக் கூடினார்கள். மாநில அரசு தேர்ந்தெடுத்த ஊர்கள் பன்னிரண்டே. பாதிக்கப்படும் ஊர்கள் இன்னும் பல என்ற கண்டனம் இருந்தது. அந்தப் பன்னிரண்டும் ஒருமனதாக வேண்டாம் என்றன. அடுத்த ஜனவரியில் மத்திய அரசு திட்டத்துக்கு அனுமதி மறுத்தது. 2006-இன் வன உரிமைச் சட்டம் பின்னால் இருந்ததால் அவர்கள் சொல் செல்லுபடியானது.

தமிழ்நாட்டிலோ, பரந்தூர் விமான நிலையத்துக்காக நிலம் கேட்கப்படும் ஏகனாபுரத்தில் கிராம சபை 2022-லிருந்து திரும்பத் திரும்ப எதிர்ப்புத் தீர்மானம் போட்டிருக்கிறது. அதன் பின்னால் எந்தச் சட்டமும் இல்லை. 2013-இன் நிலமெடுப்புச் சட்டம் தனியார் திட்டத்துக்கு 80 சதவீதம் பேரின் சம்மதமும், அரசு–தனியார் கூட்டுத் திட்டத்துக்கு 70 சதவீதம் பேரின் சம்மதமும் கேட்கிறது. அரசு தானே எடுத்தால் யாருடைய சம்மதமும் தேவையில்லை. விமான நிலையம் வேண்டுமா என்பதில் சென்னைக்காரருக்கு ஒரு கருத்தும் ஏகனாபுரத்துக்காரருக்கு ஒரு கருத்தும் இருக்கலாம். ஆனால் வீட்டையும் ஏரியையும் இழக்கப்போகிறவரின் 'வேண்டாம்' வெறும் காகிதமாக மாவட்ட அலுவலகத்தில் அடுக்கப்படக் கூடாது.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் ஒரு திருத்தம் போதும். நிலம் எடுக்கும் முன் பாதிக்கப்படும் ஒவ்வொரு ஊரிலும் ரகசிய வாக்கெடுப்பு. திட்டத்தின் முழு விவரமும் இரு தரப்பு வாதமும் ஒரு மாதம் முன்பே ஒவ்வொரு வீட்டுக்கும் தமிழில். எந்தெந்த ஊர் என்று முடிவு செய்வது திட்டத்தை நடத்தும் துறையாக இருக்கக் கூடாது. வாக்கெடுப்பை மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்த வேண்டும், மாவட்ட நீதிபதி மேற்பார்க்க வேண்டும். ஊர் வேண்டாம் என்றால், அரசு வேறு இடம் பார்க்க வேண்டும்.